கடலாழம் கண்ட அறிஞர் ஹால்டேன்

இளங்கலை மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாகத்தான் இருப்பான் என்று சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலிக்குத் தீங்கு வர அவன் விடமாட்டான் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். கடலுக்குள் இறங்குகிறவன் தன் உயிரை மேலே நிற்கும் ஒருவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறான் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று காலம் மாறிவிட்டது. முதுகிலே காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு, நீருக்கடியில் முக்கால் மணி நேரம் உலவிவரும் ஸ்கூபா முக்குளிப்பு ஒரு விடுமுறைப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கிரிக்கெட்டினால் நமக்கு அறிமுகமான மேற்கிந்தியத் தீவுகளைச் சூழ்ந்த கரீபியன் கடல் இதற்கு உலகப் புகழ் பெற்றது. நமக்கு எட்டும் தொலைவில் சென்னையும் புதுச்சேரியும் இருக்கின்றன. சற்றே கூடுதலாகச் சேமித்தால் அந்தமான் இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், ஆவடியிலும், பூந்தமல்லிச் சாலை ஓரத்து நிறுவனங்களிலும் வேலைக்குச் சேரும் நம் இளைஞர்கள், முதல் சம்பளங்களைச் சேர்த்துக்கொண்டு நண்பர்களோடு அந்தமானுக்குப் புறப்படுவது இப்போது புதுமையன்று. கொரட்டூர் ஏரியையும் செம்பரம்பாக்கத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் முதன்முறையாகக் கடலின் அடியைக் காணப் போகிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அங்கே கயிறு பிடிக்க மைத்துனன் இல்லை. அவன் இடத்தில் நிற்பது பணம் பெற்றுக்கொண்டு நம்மை இறக்கிவிடும் முக்குளிப்பு நிறுவனம். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டணத்தைப் பார்த்தா, பளபளக்கும் புகைப்படங்களைப் பார்த்தா?

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் ஒரு தந்தையும் மகனும் ஆவர். தங்கள் உடலையே பரிசோதனைச் சாலையாக்கி அந்த விடையைக் கண்டார்கள். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன். மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்திலே பிறந்து, இந்தியக் குடிமகனாக இந்திய மண்ணிலே மறைந்த அந்த மகனின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பிள்ளைப் பருவம்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் உடலியல் வல்லுநர். சுரங்கங்களிலும் சாக்கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் மனிதர் சுவாசிக்கும் காற்றை ஆராய்வதே அவருடைய வாழ்நாட்பணி. நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் தீக்காயத்தைவிடக் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளாகி மாண்டவர்களே மிகுதி என்பதை 1896இலேயே எடுத்துக் காட்டியவர் அவர். தங்கை நவோமி மிச்சிசன் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரானார்.

இத்தகைய தந்தைக்கு மகனாகப் பிறந்தவன் சொற்பொழிவு கேட்டு விஞ்ஞானம் கற்கவில்லை. ஒருமுறை தந்தை அவனை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். கூரைத் தாழ்ந்த ஓரிடத்தில் அவனை எழுந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மார்க் ஆண்டனி ஆற்றும் உரையை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் தொடங்கினான், சில வரிகளுக்குள் மூச்சுத் திணறிக் கால் மடங்கித் தரையில் விழுந்தான். தரையில் கிடந்தபோது மூச்சு திரும்பியது. மீதேன் வாயு காற்றைவிட இலேசானது, அது கூரையை ஒட்டித் தேங்கும், தரையருகே நல்ல காற்று இருக்கும் என்ற பாடத்தை அவன் பிறகு மறக்கவேயில்லை.

ஆடுகள் கற்பித்த பாடம்

அக்காலத்தில் கடற்படை முக்குளிப்போர் ஆழத்திலிருந்து மேலே வந்தபின் மூட்டுவலியால் துடிப்பதும், கைகால் விளங்காமற் போவதும், சிலர் மாண்டுபோவதும் வழக்கமாக இருந்தன. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள நம் ஊர்க் கோலி சோடாவே போதும். புட்டி மூடியிருக்கும்வரை நீர் தெளிவாக இருக்கிறது. கோலியை அமுக்கியதும் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு நுரைத்துப் பொங்குகிறது. கடலில் 10 மீட்டர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் நம்மீது இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. விரைந்து மேலே வந்தால் அது சோடாவைப்போலக் குமிழிகளாகப் பொங்கி நரம்புகளையும் மூட்டுகளையும் தாக்குகிறது.

பிரிட்டிஷ் கடற்படைக்காக இதனை ஆராய்ந்த தந்தை ஹால்டேன், எஃகு அறையொன்றில் ஆடுகளை அடைத்து அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். விரைவாக வெளிக்கொணர்ந்த ஆடுகள் வலியால் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அழுத்தத்தை முதலில் பாதியாகக் குறைத்து, பின்னர் படிப்படியாக நிறுத்தி நிறுத்திக் கொணர்ந்தவை நலமாக இருந்தன. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், மேலே வரும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவர் அட்டவணை வகுத்தார். அந்த ஆய்வு 1908இல் சுகாதார ஆய்விதழொன்றில் வெளிவந்தது. இன்று முக்குளிப்போர் கையில் கட்டியிருக்கும் சிறு கணிப்பொறியும் அதே தத்துவத்தின் வழித்தோன்றலே.

1906ஆம் ஆண்டு ஸ்காத்லாந்துக் கடலில், கப்பலிலிருந்து மனிதர்களை இறக்கி இம்முறை சோதிக்கப்பட்டது. அப்போது பதின்மூன்று வயதுச் சிறுவனான மகனையும் தந்தை இறக்கினார். பெரியவர்களுக்குத் தைத்த முக்குளிப்பு உடை சிறுவனுக்குப் பொருந்தவில்லை. மணிக்கட்டின் வழியாகக் குளிர்ந்த கடல்நீர் உள்ளே புகுந்து ஏறிக்கொண்டே வந்தது. அவன் அஞ்சிக் கூக்குரலிடவில்லை. காற்று வால்வைத் திருகித் திருகி, நீர் நெஞ்சுக்குமேல் ஏறாமல் பார்த்துக்கொண்டு, சுமார் 40 அடி ஆழத்தில் தன் நேரத்தை முடித்துவிட்டு வந்தான். துணிவைப் பாராட்டலாம். எனினும் அளவு பொருந்தாத உடையில் ஒருவரைக் கடலுக்குள் இறக்கலாகாது என்ற பாடமும் அந்நிகழ்ச்சியிலேயே இருக்கிறது.

கல்வியும் போரும்

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற ஹால்டேன் கணிதத்தையும் பண்டைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களையும் கற்றுத் தேர்ந்தார். விஞ்ஞானத்தில் அவர் எந்தப் பட்டமும் பெற்றதில்லை என்பது பட்டத்தையே பெரிதென எண்ணும் நமக்கு வியப்பூட்டும் செய்தி. முதல் உலகப்போரில் படை அதிகாரியாகப் போரிட்டார். 1915இல் ஜெர்மானியர் நச்சு வாயுவை ஏவியபோது, அதன் தன்மையை அறிய அழைக்கப்பட்ட தந்தையுடன் சேர்ந்து, குளோரின் நிரம்பிய அறையில் தாமே நின்று முகமூடிகளைச் சோதித்தார். மெசபொடேமியாவில் காயமுற்றுச் சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆளும் இனத்தவனாக நின்று இந்தியரோடு சமமாகப் பழக முடியாத நிலை அவருக்குக் கசந்தது.

போருக்குப்பின் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலும், பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியலும் உயிரளவையியலும் கற்பித்தார். டார்வினின் இயற்கைத் தேர்வை மெண்டலின் மரபு விதிகளோடு இணைத்துக் கணிதத்தால் நிறுவிய மூவருள் அவர் ஒருவர். ஏனைய இருவர் ஃபிஷரும் சீவால் ரைட்டும். 1932இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்துத் தம் இரத்தத்தை அமிலமாக்கி, மூச்சு எவ்வாறு மாறுகிறது என்று குறிப்பெடுத்தார். பிறர் உடலில் செய்யத் தகாத சோதனையைத் தம் உடலில் செய்வதே நேர்மை என்பது அவர் கொள்கை.

தீட்டிஸ் துயரம்

1939ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், புதிதாகக் கட்டிய தீட்டிஸ் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்ப்பூல் வளைகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கியது. அதில் 103 பேர் இருந்தனர். அவர்களுள் கப்பலைக் கட்டிய தொழிலாளர் பலர். பின்பகுதி நீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தும் நால்வர் மட்டுமே உயிர் தப்பினர். 99 பேர் மாண்டனர். நீர் புகுந்துள்ளதா என்று அறிய வைத்திருந்த சிறு துளையை வண்ணப்பூச்சு அடைத்திருந்ததும், அதனால் ஏமாந்து குழாயின் உட்கதவைத் திறந்ததும் விபத்துக்குக் காரணமாயின. சிறு துளையொன்றைத் துடைக்காமல் விட்டதன் விலை 99 உயிர்கள்!

மாண்ட தொழிலாளரின் சங்கங்கள் ஹால்டேனை அணுகி, கப்பலுக்குள் நடந்தது என்ன என்று விஞ்ஞான முறையில் ஆராயுமாறு கேட்டுக்கொண்டன. அவர் கணக்குப் போட்டுச் சொல்வதோடு நிற்கவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பிய சிலரைச் சேர்த்துக்கொண்டு, முக்குளிப்புக் கருவிகள் செய்யும் சீபே கோர்மன் நிறுவனத்தின் எஃகு அறையில் காற்றுப் புகாமல் அடைபட்டுப் பல மணி நேரம் இருந்தார். அவர்கள் விட்ட மூச்சே கரியமிலவாயுவாகச் சேர்ந்தது. தலைவலி, மூச்சிரைப்பு, குமட்டல் ஒவ்வொன்றாகத் தோன்றின. நச்சுக் காற்றில் சோர்ந்தவன், தப்பும் வழி கண்ணெதிரே இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் தெளிவை இழக்கிறான் என்பது அவர்களுக்கு அனுபவமாகவே விளங்கியது.

அழுத்த அறையில்

அடுத்து உலகப்போர் மூண்டது. நீர்மூழ்கி வீரர்களைக் காக்கும் வழியைக் காணுமாறு கடற்படை அவரைக் கேட்டுக்கொண்டது. மார்ட்டின் கேஸ் என்னும் நண்பரும், பின்னர் 1945இல் ஹால்டேனின் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும், ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் நெக்ரினும்கூட அந்த எஃகு அறைக்குள் அமர்ந்தனர். அழுத்தத்தை வளிமண்டலத்தைப்போல் பத்து மடங்குவரை ஏற்றினார்கள். பனிக்கட்டி நீரிலே கிடந்தபடியும் சோதித்தார்கள். அந்நிலையில் பெருக்கல் கணக்குப் போட்டும், சிறு எஃகுக் குண்டுகளை இடுக்கியால் எடுத்து வைத்தும் தங்கள் அறிவின் தெளிவை அளந்தார்கள். அழுத்தம் மிக்க நைட்ரஜன் கள்ளுண்டவனைப் போல் மனிதனை மயக்குகிறது. எளிய கணக்கும் தவறுகிறது. தவறுகிறோம் என்பதுகூடத் தெரிவதில்லை.

உயிர் காக்கும் பிராணவாயுவும் ஆழத்தில் நஞ்சாகும் என்பதை அவர்கள் தங்கள் மேனியிலேயே கண்டார்கள். அதிக அழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தவர்களுக்கு முன்னறிவிப்பின்றி வலிப்பு வந்தது. ஹால்டேனுக்கு வந்த வலிப்பொன்றில் அவருடைய முதுகெலும்பின் முள்ளெலும்புகள் நசுங்கின. அந்த முதுகுவலி இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. இச்சோதனைகளின் முடிவுகள் 1941இல் வெளிவந்தன. தந்தையின் அட்டவணை முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் எந்த இதழில் வெளிவந்ததோ, அதே இதழில் மகனின் ஆய்வும் வெளிவந்தது.

இந்தியக் குடிமகன்

ஹால்டேன் குறையே இல்லாத மனிதரல்லர். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து பணியாற்றிய அவர், சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலைச் சிதைத்தபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார் என்ற பழி அவருக்கு உண்டு. பின்னர்க் கட்சியிலிருந்து விலகினார்.

1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அத்தகைய குறிக்கோளோடு எழுந்துவந்த நேருவின் இந்தியா ஹால்டேனைக் கவர்ந்தது. 1956இல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்மீது படையெடுத்தது அவருக்கு மிகுந்த வெறுப்பை உண்டாக்கியது. 1957இல் மனைவியுடன் கல்கத்தாவுக்கு வந்து, மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியேற்றார். ஜிப்பாவும் வேட்டியும் உடுத்தினார்; புலால் உண்பதை விட்டார்; 1961இல் இந்தியக் குடிமகனானார். 1962இல் புவனேஸ்வரத்தில் மரபியல் பரிசோதனைச் சாலை ஒன்றை அமைக்கச் சென்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இந்திய மாணவர்களுக்கு அவர் காட்டிய வழி எளியது: கண்ணும் கையும் நோட்டுப்புத்தகமும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம். அவருடைய ஊக்கத்தால் ஒருவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். டேவிஸ் என்பவர் தென்னை மரங்களின் ஓலை அடுக்கு இடஞ்சுழியா வலஞ்சுழியா என்று எண்ணிக் கணக்கெடுத்தார். நம்மைப்போன்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

புற்றுநோய் கண்டபோதும் அவர் கலங்கவில்லை. அந்நோயைக் கேலி செய்து ஒரு கவிதையே எழுதினார். அதைப் படிப்பவர்கள் அச்சத்தால் மறைக்காமல் உரிய காலத்தில் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதே அவர் நோக்கம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் புவனேஸ்வரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயிற்சிக்காக அளிக்கப்பட்டது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஹால்டேன்கள் உடல் நோகக் கண்ட உண்மைகளை நினைவிற்கொண்டால், முக்குளிப்பு நிறுவனத்தாரிடம் என்ன கேட்பது என்று நமக்கே விளங்கும்.

முதலாவதாக, அவர்கள் நம் உடல்நிலையைப் பற்றிக் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், காதுக் கோளாறு ஆகியவற்றைக் கேட்டறிந்து, ஐயம் இருந்தால் மருத்துவர் சான்று கோருகிறவர் நம்பத்தக்கவர். ஒன்றும் கேளாமல் பணத்தை மட்டும் வாங்குகிறவரை விட்டு விலகுவதே நலம். நாமும் பயணம் வீணாகிவிடுமே என்று நோயை மறைக்கலாகாது.

இரண்டாவதாக, பயிற்றுநர் யார், எந்தப் பயிற்சி அமைப்பின் சான்று பெற்றவர், ஒருவர் எத்தனை பேரை அழைத்துச் செல்வார் என்று கேட்க வேண்டும். நீந்தவே அறியாத முதல்நாள் மாணவர் பலரை ஒருவரே இழுத்துச் சென்றால், ஒருவர் தடுமாறும்போது மற்றவரை யார் பார்ப்பது? ஆழமற்ற நீரில் மூச்சு விடவும், முகமூடியில் புகுந்த நீரை அகற்றவும், காதின் அழுத்தத்தைச் சமன் செய்யவும் பழக்கிய பிறகே ஆழத்துக்கு அழைத்துச் செல்கிறார்களா என்றும் அறிய வேண்டும். முதல்முறை இறங்குவோர்க்கு 12 மீட்டரும், தொடக்கப் பயிற்சி முடித்தவர்க்கு 18 மீட்டரும் எல்லை என்பது உலகெங்கும் பரவலாகக் கையாளப்படும் வழக்கம். இன்னும் ஆழம் காட்டுகிறேன் என்று ஆசை மூட்டுகிறவர், பத்து மடங்கு அழுத்தத்தில் பெருக்கல் கணக்கே தவறிய கதையை அறியாதவர்.

மூன்றாவது, காற்று. குப்பியை நிரப்பும் கம்ப்ரசர் எங்கே இருக்கிறது? அதன் காற்று உறிஞ்சும் குழாய்க்கு அருகில் டீசல் இயந்திரம் புகை கக்கினால், தந்தை ஹால்டேன் சுரங்கத்தில் கண்ட அதே கார்பன் மோனாக்சைடு நம் நுரையீரலுக்குள் போகும். குப்பியின் கழுத்தில் அழுத்தச் சோதனை நாள் பொறித்திருக்கும். தொழிற்பேட்டைகளின் நடுவே வாழும் நமக்குக் கம்ப்ரசரும் சிலிண்டரும் புதியவை அல்லவே! பார்த்தால் நமக்கே விளங்கும். உடையும் முகமூடியும் நம் அளவுக்குப் பொருந்துகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, மேலே வரும் முறை. மெதுவாக ஏறுவதும், மூச்சை அடக்காமல் தொடர்ந்து விடுவதும், 5 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்று நிமிடம் நிற்பதும் தந்தை ஹால்டேனின் ஆடுகள் நமக்கு வாங்கித் தந்த பாதுகாப்பு. படகில் அவசரத்துக்குப் பிராணவாயுக் குப்பி உண்டா, குமிழி நோய் கண்டவரைச் சேர்க்கும் அழுத்த அறை எங்கே உள்ளது என்பவற்றுக்கு நிறுவனத்தார் தயங்காமல் விடை சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தமானில் காலையில் மூழ்கிவிட்டு மாலையில் மீனம்பாக்கத்துக்கு விமானம் ஏறலாகாது. விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு. அங்கே கோலியை அமுக்கியது போலாகும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது இன்றைய அறிவுரை. இதைத் தானே எடுத்துச் சொல்லும் நிறுவனம், நம் பணத்தைவிட நம்மை மதிக்கும் நிறுவனம்.

இக்கேள்விகளைக் கேட்டால் கேலி செய்வார்களோ என்று கூச வேண்டாம். கேள்வி கேட்பதே விஞ்ஞானம் என்று வாழ்ந்து காட்டியவர் ஹால்டேன். அவருடைய முதுகெலும்பு நொறுங்கிக் கிடைத்த அறிவு, சில நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக நாம் கைவிடத் தக்கதன்று. நண்பர்களே, கடலைக் காணச் செல்லுங்கள். பவளப் பாறையும் வண்ண மீனும் கண்டு களியுங்கள். கயிற்றை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை மட்டும் தெரிந்து கொடுங்கள்.